பட்டையை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

செஸ் நேரலையைத் திறந்ததும் நம் கண் பலகைக்குப் போவதில்லை. பலகையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு பட்டை நிற்கும், அதற்குத்தான் போகும். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. கணினியின் கணக்குப்படி யார் கை ஓங்குகிறதோ அவர் நிறம் ஏறும், மற்றவர் நிறம் இறங்கும். ஸ்கோர் பார்த்தே கிரிக்கெட் ரசித்த நமக்கு அது பெரிய வசதி. பலகையில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே "ஆஹா" போடலாம்.

என் சித்தப்பாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். "வெள்ளை ஏறுதே, அப்ப பிரக்ஞானந்தா ஜெயிச்ச மாதிரிதானே?" என்பார். அடுத்த நிமிடம் பட்டை சரிந்துவிடும். எதிரில் இருப்பவர் என்ன செய்தார் என்று தெரியாது, இவர் என்ன தவறவிட்டார் என்றும் தெரியாது. ஆனால் ஒரு நாள் அவரே ஒரு நல்ல கேள்வி கேட்டார். "முதல் பதினஞ்சு மூவை மடமடன்னு ஆடிட்டாங்க. பதினாறாவதுக்கு ஒருத்தர் அரை மணி நேரமா மோட்டுவளையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரே, அப்படி என்னடா வந்துது?"

டீ இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஊற்றிக்கொள்ளுங்கள். பெரிய போட்டி ஒன்றைப் பின்தொடர இந்த ஒரு கேள்வி போதும், அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும்.

பெரிய போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கிடைக்கும். நீங்கள் யோசிக்கும்போது உங்கள் கடிகாரம் ஓடும். ஆடிவிட்டுப் பொத்தானைத் தட்டினால் உங்களுடையது நின்று எதிராளியுடையது ஓடத் தொடங்கும். நேரலையில் ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த நேரம் தெரியும். பதினைந்தாவது நகர்த்தலில் ஒருவரிடம் ஒரு மணி 55 நிமிடமும், மற்றவரிடம் ஒரு மணி 10 நிமிடமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டை நட்டநடுவில் நிற்கிறது, இருவரும் சமம் என்கிறது. நான் அதை நம்பமாட்டேன். முதல் ஆள் இன்னும் ஓட்டல் அறையில் மடிக்கணினி முன்னால் போட்டுப் பார்த்ததையே ஆடிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ஆள் தனியாகப் பலகை முன் மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்த 45 நிமிட வித்தியாசம் மூன்றாவது மணி நேரத்தில் தன் வேலையைக் காட்டும்.

கல்யாணச் சமையலில் முந்தின ராத்திரியே காய் நறுக்கி, தேங்காய் துருவி, மசாலா அரைத்து வைத்துவிடுவார்கள். காலையில் அடுப்படியில் பார்ப்பவனுக்கு மாஸ்டர் பத்து நிமிடத்தில் கூட்டு வைத்துவிட்ட மாதிரி தோன்றும். ஓப்பனிங் என்கிற முதல் கட்டமும் அந்த மாதிரிதான். மாதக்கணக்கில் உதவியாளர்களை வைத்துக்கொண்டு, கணினியில் ஒவ்வொரு கிளையாகப் பிரித்துப் பார்த்து, மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். இந்த உதவியாளர்களை செஸ் உலகில் 'செகண்ட்' என்பார்கள். 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுக்கு எதிராக உலகப் பட்டத்தைக் காத்துக்கொள்ள ஆனந்த் போனபோது, நீல்சன், காசிம்ஜானோவ், வோய்டாஷெக், நம் சூர்யா கங்குலி என்று ஒரு கூட்டமே பின்னால் உழைத்தது. அவர்கள் நறுக்கிவைத்த காய் ஒன்று மாஸ்கோவில் செலவாகவே இல்லை. எட்டு மாதம் கழித்து வேறு ஊரில் அடுப்பேறியது. அந்த ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

நெதர்லாந்தின் மேற்குக் கரையில், வட கடலை ஒட்டி ஒரு சின்னக் கிராமம், வைக் ஆன் ஸே. பக்கத்திலேயே பெரிய எஃகு ஆலை. அந்த ஆலைக்காரர்கள் 1938இல் அருகிலுள்ள பெவர்வைக் நகரில் ஒரு செஸ் போட்டியை ஆரம்பித்தார்கள். 1968இல் அது இந்தக் கிராமத்துக்கு மாறியது. ஆலை கை மாறக் கை மாறப் போட்டியின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. ஹோகோவன்ஸ், பிறகு கோரஸ், 2011 முதல் டாட்டா ஸ்டீல். நம் ஜாம்ஷெட்பூர்க் கம்பெனியின் பெயரில் நெதர்லாந்துக் கடலோரத்தில் ஜனவரிக் குளிரில் செஸ் நடக்கிறது என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. முடிவு விருந்தில் பட்டாணி சூப் பரிமாறுவது வழக்கம். போர் முடிந்து உணவுக்குத் தட்டுப்பாடாக இருந்த 1946இல் அந்த சூப்தான் கிடைத்தது. இன்று எது வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனாலும் சூப் நிற்கவில்லை.

மாஸ்டர்ஸ் பிரிவில் 14 பேர். ஒவ்வொருவரும் மற்ற 13 பேரோடும் ஒரு முறை ஆடவேண்டும். ஜெயித்தால் ஒன்று, டிரா ஆனால் அரை. அதே கூடத்தில், சில அடி தள்ளி, சாதாரண மனிதர்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து தங்கள் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பார்கள். உலக சாம்பியன் எழுந்து நடக்கும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் யானையைத் தொலைத்துவிட்டுத் தலையில் கைவைத்திருப்பார். வேறெந்த விளையாட்டில் இதைப் பார்க்க முடியும்?

இப்போது ஓப்பனிங். பெயர்களைக் கேட்டே பலர் மிரண்டுவிடுகிறார்கள். ரூய் லோபஸ், நய்டோர்ஃப், குருன்ஃபெல்ட், கேடலான் என்று வர்ணனையாளர் அடுக்கும்போது, இதெல்லாம் படித்தால்தான் செஸ் பார்க்கலாம் போல என்று தோன்றும். படிக்கவேண்டாம். பெரும்பாலும் அவை ஆட்களின் பெயர்கள், ஊர்களின் பெயர்கள். ரூய் லோபஸ் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த ஒரு பாதிரியார். 1561இல் செஸ் பற்றிப் புத்தகம் போட்டவர். கேடலான் என்பது 1929இல் பார்சலோனாவில் நடந்த போட்டியில் ஊர்க்காரர்களைச் சந்தோஷப்படுத்த வைத்த பெயர். தெருவுக்குப் பெயர் இருந்தால் வழி சொல்வது சுலபம், அவ்வளவுதான்.

பெயரை விட்டு அதற்குள் இருக்கும் சண்டையைப் பாருங்கள். பலகையின் நடுவில் நான்கு கட்டங்கள். அங்கே யார் கால் ஊன்றுகிறார்களோ அவர்களுடைய குதிரைக்கும் மந்திரிக்கும் (பிஷப் என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்) நாலா பக்கமும் பாய வழி கிடைக்கும். அதனால்தான் வெள்ளை பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயையோ, ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயையோ இரண்டு கட்டம் தள்ளித் தொடங்குகிறது. முதலாவது இ4, இரண்டாவது டி4. கறுப்பு அதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதில்தான் அன்றைய ஆட்டத்தின் குணம் தெரியும். இ4க்கு இ5 என்றால், நீ செய்ததையே நானும் செய்கிறேன், நேருக்கு நேர் வா. சி5 என்றால் சிசிலியன். பக்கவாட்டிலிருந்து வந்து நடுவைக் குத்துவது, இரண்டு பேரும் வெவ்வேறு பக்கம் அடித்துக்கொள்வார்கள், ரத்தம் பார்க்காமல் முடிவது குறைவு. டி4, டி5 ஆனபின் வெள்ளை சி4 ஆடினால் ராணி கேம்பிட். சி4இல் ஒரு சிப்பாயை இரையாக வைக்கிறார்கள். கறுப்பு அதை வெட்டினால் 'ஏற்பு'. வெட்டாமல் டி5 சிப்பாய்க்கு இ6ஆல் முட்டுக் கொடுத்தால் 'மறுப்பு', சி6ஆல் முட்டுக் கொடுத்தால் 'ஸ்லாவ்'. வெட்டினாலும் அந்தச் சிப்பாயைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்ள முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் இது தியாகம் என்று வர்ணனையாளர் நாடகம் போட்டால் நம்பாதீர்கள்.

பார்ப்பவனுக்குச் சலிப்பூட்டுவதற்கென்றே பெயர் வாங்கிய ஒன்று உண்டு, பெர்லின். 2000ஆம் ஆண்டு லண்டனில் காஸ்பரோவுக்கும் கிராம்னிக்குக்கும் உலகப் பட்டப் போட்டி. காஸ்பரோவ் 15 வருடமாக சாம்பியன். அவர் இ4 ஆடினால் எதிராளிக்கு வயிறு கலங்கும். கிராம்னிக் கறுப்புக் காயில் பெர்லினைக் கொண்டுவந்து வைத்தார். எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணியும் பலகையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். கறுப்பு ராஜா நடுவில் மாட்டிக்கொண்டு, இனி காஸ்லிங் செய்து ஓரமாக ஒளியவும் முடியாது. சிப்பாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக இரட்டையாகிக் கிடக்கின்றன. பாடப்புத்தகக் கணக்கில் கறுப்பு மோசம். ஆனால் ராணியே இல்லாதபோது நடுவில் நிற்கும் ராஜாவை யார் வந்து அடிப்பது? காஸ்பரோவ் முட்டிப் பார்த்தார், மோதிப் பார்த்தார். போட்டி முழுவதும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, 8.5-6.5 என்று பட்டம் கை மாறியது. மறுநாள் ஓப்பனிங் உலகமே பெர்லின் படிக்க ஆரம்பித்தது. கிராம்னிக் செய்தது என்னவென்றால், காஸ்பரோவுக்குப் பிடித்த மாதிரியான சண்டையே நடக்காதபடி பார்த்துக்கொண்டார். எதிராளியை எந்த மைதானத்துக்கு இழுத்துப்போகிறோம் என்பதில்தான் முதல் பத்து நகர்த்தலின் சூட்சுமமே இருக்கிறது.

சரி, மாஸ்கோவில் செலவாகாத அந்தக் காய்க்கு வருவோம். 2013 ஜனவரி 15, வைக் ஆன் ஸே. வெள்ளையில் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன், அப்போது உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். கறுப்பில் உலக சாம்பியன் ஆனந்த். இதே போட்டியை 1989, 1998, 2003, 2004, 2006 என்று ஐந்து முறை தனியாகவோ பகிர்ந்தோ வென்றவர். ஆனால் அந்த நாட்களில் ஆனந்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, பழைய வேகம் இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஓப்பனிங் செமி ஸ்லாவ். அதில் மேரான் என்றொரு கிளை. 1924இல் இத்தாலியின் மேரானோ ஊரில் ரூபின்ஸ்டைன் என்ற போலந்து மேதை குருன்ஃபெல்டுக்கு எதிராக ஆடியதால் அந்தப் பெயர். ரூபின்ஸ்டைனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு தன் இரண்டு மந்திரிகளையும் பி7, டி6 கட்டங்களில் வைத்து, வெள்ளை ராஜாவின் பக்கம் குறிவைக்கிறது. ஆனால் பி7 மந்திரியின் பாதையில் சொந்தச் சிப்பாயே சி6இல் நிற்கிறது. 12ஆவது நகர்த்தலில் அரோனியன் குதிரையை ஜி5க்குக் கொண்டுவந்தார். பின்னால் மந்திரியும் ராணியும் எச்7 சிப்பாயைக் குறிபார்த்துக்கொண்டிருக்க, குதிரையும் சேர்ந்துகொண்டது. ஆனந்த் அதைக் காப்பாற்றவில்லை. சி6 சிப்பாயை சி5க்குத் தள்ளினார். பி7 மந்திரிக்கு மூலைவிட்டம் முழுக்கத் திறந்தது. அரோனியன் குதிரையால் எச்7ஐ வெட்டினார். அந்தக் குதிரை இப்போது எஃப்8இல் இருக்கும் யானையையும் குறிவைக்கிறது. இந்த இடத்தில் நாமாக இருந்தால் யானையை நகர்த்துவோம். ஆனந்த் திரும்பியும் பார்க்கவில்லை; தன் குதிரையை ஜி4க்குத் தூக்கிப்போட்டார். இனி எச்2இல் அடி விழும். அரோனியன் எஃப் சிப்பாயைத் தள்ளி டி6 மந்திரியின் கண்ணை மறைத்தார். நடுவில் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டன.

15ஆவது நகர்த்தல்: டி6 மந்திரி சி5க்கு வந்தது. வெள்ளைச் சிப்பாய் அதை அப்படியே வெட்டலாம். 16ஆவது: இன்னொரு குதிரை இ5க்கு வந்தது. அதையும் சிப்பாயால் வெட்டலாம். ஒரே நேரத்தில் யானை, மந்திரி, குதிரை எல்லாம் வெட்டுக்கு நிற்கின்றன, எதை வெட்டினாலும் இன்னொரு கதவு திறந்து ராஜாவின் மீது கறுப்பு பாய்கிறது. அரோனியன் தன் மந்திரியால் ஜி4 குதிரையை வெட்டினார். ஆனந்த் டி4இல் செக் வைத்தார். ராஜா எச்1 மூலைக்கு ஒதுங்கினார். இ5இல் நின்ற குதிரை ஜி4 மந்திரியை வெட்டிப் பழைய குதிரையின் இடத்தையே பிடித்தது. அரோனியன் கடைசியில் எஃப்8 யானையை வெட்டிவிட்டார்.

இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பேன். யானை போய்விட்டது, பதிலுக்கு அந்தக் குதிரையை வெட்டலாம். ஆனந்த் வெட்டவில்லை. அமைதியாக எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எஃப்5இல் வைத்தார். செக் இல்லை, வெட்டு இல்லை. ஜி4 குதிரைக்கு முட்டு, அவ்வளவுதான். "நீ எங்கே போய்விடப் போகிறாய்?" என்று கேட்பது போல ஒரு நகர்த்தல்.

நான்கு நகர்த்தலில் கதை முடிந்தது. கடைசிக் காட்சியைக் கையில் ஒரு பலகை இருந்தால் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா எச்1இல். எதிரே எச்3 சிப்பாய், அதற்கு மேல் எச்5இல் கறுப்பு ராணி. எச்3 சிப்பாய் ஜி4 குதிரையை வெட்டினால் ராஜாவுக்கு நேரே செக், அதனால் வெட்ட முடியாது. பக்கத்தில் ஜி2 சிப்பாய். பி7 மந்திரி அந்தக் கோடியிலிருந்து மூலைவிட்டமாகப் பார்த்துக்கொண்டிருப்பதால் அதுவும் நகர முடியாது. அப்படியானால் எச்3ஐக் காப்பது யார்? டி3இல் வந்து நின்ற வெள்ளை ராணி மட்டும், நான்கு கட்டம் தள்ளியிருந்து, ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. 23ஆவது நகர்த்தலாக ஆனந்த் தன் இன்னொரு மந்திரியை இ3இல் கொண்டுவந்து வைத்தார், அந்தப் பார்வைக்கு நடுவே. வெள்ளை மந்திரியால் அதை வெட்டினால் அந்த மந்திரியே ராணியின் கண்ணை மறைக்கும். ராணியால் வெட்டினால் ஜி4 குதிரை ராணியைத் தின்றுவிடும். அரோனியன் கை கொடுத்துவிட்டார்.

உலகின் மிக வலுவான ஆட்டக்காரர்களில் ஒருவர், வெள்ளைக் காயில், 23 நகர்த்தலில் தோற்றார். செஸ் தெரிந்தவர்கள் உடனே 1907ஆம் ஆண்டை நினைத்தார்கள். போலந்தின் வூட்ஜ் நகரில் ராட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்திலும் இதே போல இரண்டு மந்திரிகள் இரண்டு மூலைவிட்டங்களில் நின்று ராஜாவைச் சுட்டுத்தள்ளின. மேரான் கிளைக்குப் பெயர் வரக் காரணமானவர், அந்தத் தாக்குதலின் முன்மாதிரியைத் தந்தவர், இருவரும் ஒருவரே என்பது தற்செயல்தான். ஆனாலும் இப்படி ஒரு தற்செயல் எல்லா விளையாட்டிலும் கிடைக்காது.

"அப்ப இதுல ஆனந்தோட மூளை எவ்வளவு, கம்ப்யூட்டரோட மூளை எவ்வளவு?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. யோசனை கெல்ஃபாண்ட் போட்டிக்காக வீட்டில் தயாரானது என்று ஆனந்தே சொல்லியிருக்கிறார். ஆனால் எட்டு மாதத்துக்கு முன் பார்த்த ஆயிரம் கிளைகளில் ஒன்று எதிரே வந்து நிற்கும்போது, அது எது என்று அடையாளம் கண்டு, விட்ட இடத்தைப் பலகையில் கணக்குப் போட்டு இட்டு நிரப்பவேண்டும். மனப்பாடம் செய்தவன் ஒரு வரி மறந்தால் தொலைந்தான். ஏன் என்று புரிந்தவன் மட்டுமே மறந்த வரியை மறுபடி கண்டுபிடிப்பான்.

அதன்பின் பத்து வருடத்தில் நிலைமை மாறிவிட்டது. வீட்டுக் கணினியில்கூட உலக சாம்பியனைவிட வலுவான எஞ்சின் இலவசமாக ஓடுகிறது. எல்லோரும் எல்லாக் கிளையையும் பார்த்துவிட்டார்கள். சரியான நகர்த்தலையே இருவரும் ஆடினால் இருபதாவது நகர்த்தலில் கை குலுக்கி எழுந்துபோகவேண்டியதுதான். அதனால் இப்போதைய இளைஞர்கள் வேறு தந்திரம் செய்கிறார்கள். எஞ்சின் கொஞ்சம் முகம் சுளிக்கிற, ஆனால் எதிராளி சமீபத்தில் புரட்டிப் பார்த்திருக்க வாய்ப்பில்லாத ஒரு வழியில் இறங்குகிறார்கள். பட்டை சற்றுச் சரியும். கடிகாரமோ எதிராளிப் பக்கம் ஓடும்.

2024 ஏப்ரல், டொரன்டோ கேண்டிடேட்ஸ். உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் போட்டி. எட்டுப் பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு முறை, மொத்தம் 14 சுற்று. மூன்றாவது சுற்றில் விதித் குஜராத்திக்கு எதிராகக் கறுப்பில் பிரக்ஞானந்தா ரூய் லோபஸில் மூன்றாவது நகர்த்தலாக எஃப்5 ஆடினார். யேனிஷ் கேம்பிட், ஷ்லீமன் என்றும் சொல்வார்கள். தன் ராஜா ஒதுங்கப்போகும் பக்கத்துக் கதவைத் தானே திறந்துபோடுவது. அந்த மட்டத்தில் யாரும் எளிதில் தொடமாட்டார்கள். பிரக்ஞானந்தா தொட்டார், ஜெயித்தார். அதற்கு முந்தின சுற்றில் இதே விதித், கறுப்பில் நான் மேலே சலிப்பு என்று சொன்ன அந்த பெர்லினை ஆடி, நகாமுராவின் எச்3 சிப்பாய்க்காக ஒரு மந்திரியையே கொடுத்து ஜெயித்திருந்தார். 47 ஆட்டமாகத் தோற்காமல் வந்த நகாமுராவின் ஓட்டம் அதோடு நின்றது. ஆகவே பெர்லினும் எப்போதும் தூங்கவைக்கும் என்று எண்ணிவிடவேண்டாம். ஆடுகிறவர் தூங்கவிட்டால்தான் தூங்கும்.

இன்னொன்று. கடைசிச் சுற்றுகளில் ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுப்பது பலகை இல்லை, புள்ளிப்பட்டியல். டொரன்டோவில் 13 சுற்று முடிந்தபோது 17 வயது குகேஷ் 8.5, நகாமுரா, காருவானா, நெப்போம்னியாச்சி மூவரும் 8. கடைசி நாள் குகேஷ் கறுப்பில், எதிரே நகாமுரா. நகாமுராவுக்கு வெற்றி வேண்டும். குகேஷுக்கு டிரா போதும் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் பக்கத்துப் பலகையில் காருவானாவோ நெப்போம்னியாச்சியோ ஜெயித்துவிட்டால் மறுநாள் டைபிரேக். அப்படிப்பட்ட நாளில் குகேஷ் ஆடியது ராணி கேம்பிட் ஏற்பு. நடுவில் இருக்கும் இறுக்கத்தைச் சீக்கிரமே வெட்டித் தளர்த்திவிடும் வழி. மூச்சுவிட இடம் கிடைக்கும், அதேசமயம் மூலையில் முடங்கிக் கிடக்கவும் வேண்டாம். நகாமுராவுக்கு ஒரு பிடியும் கிடைக்காமல் டிராவில் முடிந்தது. பக்கத்துப் பலகையில் காருவானா ஜெயிக்கும் நிலையைக் கையில் வைத்துக்கொண்டு நழுவவிட, 109 நகர்த்தலுக்குப் பிறகு அதுவும் டிரா. குகேஷ் அந்த வருட டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனாகவே ஆகிவிட்டார். அன்றைய காருவானா ஆட்டத்தின் பட்டையைப் பார்த்தவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்கு, அவ்வளவு நேரம் ஆடிய மனிதன் ஏன் தவறினான் என்று புரிந்திருக்கும்.

2025 வைக் ஆன் ஸே இதற்கு நேர் எதிர். கடைசிச் சுற்றுக்கு குகேஷும் பிரக்ஞானந்தாவும் சமமாக முன்னணியில் போனார்கள். குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடம் தோற்றார். பிரக்ஞானந்தாவுக்கு டிரா கிடைத்தாலே கோப்பை என்ற நிலையில், அவரும் கைமரிடம் தோற்றார். இரண்டு சென்னைப் பையன்களும் தோற்றுவிட்டு, 8.5 புள்ளியோடு, ஒருவரோடொருவர் மின்னல் வேக ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள். முதல் ஆட்டம் குகேஷ், இரண்டாவது பிரக்ஞானந்தா, முடிவு ஆட்டம் பிரக்ஞானந்தா. 2006இல் ஆனந்த் வென்றபின் அந்தக் கோப்பை இந்தியப் பெயரைப் பார்த்தது அப்போதுதான்.

ஆக, அடுத்த ஜனவரியில் என்ன செய்யவேண்டும்? ஏழு பலகையையும் பார்க்காதீர்கள், தலை சுற்றும். ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு 13 சுற்றும் அவர் பின்னாலேயே போங்கள். அவர் வெள்ளையில் என்ன ஆடுகிறார், தோற்ற மறுநாள் அதை மாற்றுகிறாரா, புள்ளி தேவைப்படும்போது எந்த ஓப்பனிங்கில் கை வைக்கிறார் என்று கவனியுங்கள். நான்காவது ஐந்தாவது சுற்றுக்குள் ஆள் பிடிபட்டுவிடுவார். பட்டையை மறைக்கும் வசதி பல தளங்களில் இருக்கிறது. மறைத்துவிட்டு, யார் முதலில் நின்று யோசிக்கிறார் என்று பாருங்கள். அந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தோன்றும் நகர்த்தலை ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். தப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அவர் ஏன் அதை ஆடவில்லை என்று தேடுகிற அந்தப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வதை எந்த வர்ணனையாளரும் சொல்லித்தரமாட்டார்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். அங்கே பிற்பகல் இரண்டு மணி, நமக்கு மாலை ஆறரை. ஓய்வு நாட்கள் நடுவில் வரும், அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்று மட்டும் நான்கரைக்கே ஆரம்பித்துவிடும். முதல் அரை மணி நேரம் ஓப்பனிங், டீக்குத் தோதான நேரம். ஏழரை முதல் ஒன்பதரை வரை பெரும்பாலும் யோசித்துக்கொண்டே இருப்பார்கள். குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கலாம், சாப்பாட்டையும் முடித்துவிடலாம். பத்து மணிக்கு மேல் 40ஆவது நகர்த்தல் நெருங்கும், இரண்டு பேர் கையிலும் சில நிமிடங்கள்தான் மிச்சமிருக்கும். அப்போது யாராவது போன் செய்தால் எடுக்காதீர்கள்.